பாதி இழைத்த பாயின் இயற்பியல்

இரண்டு ஊசிகளையும் ஓர் உருண்டை கம்பளி நூலையும் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே உடை பின்னும் பழக்கம் குளிர்நாடுகளுக்கு உரியது. நூல் வளையங்களுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து உடற்சூட்டைக் காக்கும் அத்தகைய துணிக்கு, மழையின் பெரும்பங்கை ஐப்பசி முதல் தை வரையான மாரியிலேயே பெற்றுவிட்டு எஞ்சிய மாதங்களை வெயிலிலும் வறண்ட காற்றிலும் கழிக்கிற இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பில் தேவை எழவில்லை. எனினும் சமையலுக்கும் தோட்ட வேலைக்கும் பிள்ளைப் பராமரிப்புக்கும் இடையில் கிடைக்கும் சிறு பொழுதுகளில் கையில் எடுத்து, அழைப்பு வந்ததும் கீழே வைத்து, மறுநாளோ மறுவாரமோ விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய வீட்டுக் கைவேலை ஒன்று இங்கும் உண்டு. அது பனையோலை இழைத்தல். கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரி, பச்சிலைப்பள்ளிப் பகுதிகளிலும் முல்லைத்தீவின் கரையோர ஊர்களிலும் பனை செறிந்த வளவுகளைச் சார்ந்து பாய், பெட்டி, கடகம், மூடுபெட்டி, நீத்துப்பெட்டி, தடுக்கு, உமல் எனப் பல பொருட்கள் இழைக்கப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றுள் எதுவும் ஒரே அமர்வில் முடிவதில்லை. விறாந்தையின் மூலையில் சுருட்டிச் சாத்தப்பட்ட அரைகுறைப் பாயை வேலை தடைப்பட்டதன் அடையாளமாகக் கொள்வது தவறு. தடைப்படுவதையே இயல்பாகக் கொண்டு அமைந்த ஒரு தொழில்நுட்பத்தின் வழமையான நிலை அது.

ஊசிப் பின்னலில் ஒரே நூல் வளையத்துக்குள் வளையமாக இழுக்கப்பட்டு வரிசை வரிசையாக வளர்கிறது. ஒவ்வொரு வளையத்தையும் அடுத்த வரிசையின் வளையமே பிடித்து நிறுத்துவதால், இறுதி வரிசையைப் பிடிக்க ஊசியைத் தவிர வேறெதுவும் இல்லை. ஊசி உருவப்பட்டு நூல் இழுபட்டால் வேலை முழுவதும் அவிழ்ந்துபோகும். நீளாத நூலைக் கொண்டு நீளும் துணியைப் பெற முடிவதும் இந்த வளையங்களாலேதான், ஏனெனில் துணியை இழுக்கும்போது நூல் நீள்வதற்குப் பதிலாக வளைவுகள் நிமிர்ந்துகொடுக்கின்றன. ஓலைவேலை இதற்கு நேர்மாறான அமைப்புடையது. இரு திசைகளில் செல்லும் தட்டையான ஓலைக்கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் அடியாகவும் மாறிமாறிக் கடக்கின்றன. முடிச்சும் இல்லை, பசையும் இல்லை, ஊசி பிடித்து வைக்க வேண்டிய திறந்த வளையமும் இல்லை.

அவ்வாறாயின் பாயை ஒன்றாகப் பிடித்து வைப்பது எது? உராய்வு. முல்லைத்தீவுக் கடற்கரையில் வள்ளத்தின் கயிற்றைக் கட்டைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை ஒரு கையால் பிடித்திருப்பவர், பல மடங்கு பெரிய இழுவையைத் தாங்குகிறார். வளைந்து செல்லும் கயிற்றில் உராய்வு கூட்டலாக வளராமல் பெருக்கலாக வளர்வதே இதன் காரணம். உராய்வுக் குணகம் 0.3 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்றில் பிடிப்பு ஏறத்தாழ 6.6 மடங்காகவும் இரண்டாம் சுற்றில் 43 மடங்காகவும் உயர்கிறது. இந்தத் தொடர்பை 18ஆம் நூற்றாண்டிலேயே கணித அறிஞர் ஒய்லர் வகுத்துவிட்டார். பாயிலுள்ள ஒரு கீற்று தூணைச் சுற்றுவதில்லை எனினும், ஒவ்வொரு கடப்பிலும் மேலேறியும் கீழிறங்கியும் சில பாகை வளைகிறது. ஒரு கடப்புக்கு 10 பாகை எனக் கணக்கிட்டால்கூட 36 கடப்புகளில் ஒரு முழுச் சுற்றின் பிடிப்பு அதற்குக் கிடைத்துவிடுகிறது. எனவே இழைத்து முடிந்த பகுதி உட்புறத்தில் பூட்டிட்டதுபோல் இறுகி நிற்க, விளிம்பிலுள்ள கடைசி நான்கைந்து கடப்புகள் மட்டுமே தளர்ந்து கிடக்கின்றன. ஒரு கீற்று முடிந்துவிட்டால் புதிய கீற்றை அதன்மேல் வைத்துச் சில கடப்புகள் இரண்டையும் சேர்த்தே இழைப்பதும், அந்த இணைப்பு பிறகு பிரியாமல் இருப்பதும் இதே விதியின்படியே நிகழ்கின்றன. ஓலையின் நீளம் பாயின் நீளத்துக்கு எல்லையாவதில்லை.

இழைப்பதற்கு எல்லா ஓலையும் உதவாது. மரத்தின் உச்சியில் இன்னும் விசிறியாக விரியாத குருத்தும் அதையடுத்து விரியத் தொடங்கும் சார்வோலையுமே நுண்ணிய வேலைக்கு ஏற்றவை. முற்றிக் காய்ந்து விழும் காவோலை வேலிக்கும் எருவுக்கும் போகும். குருத்து வெளிறிய நிறமாக இருப்பது, வெயில் படாத நிலையில் பச்சையம் உருவாகாமையால். அது துவண்டு கொடுப்பது, செல்சுவர்களை விறைப்பாக்கும் லிக்னின் என்னும் பொருள் அதில் இன்னும் முழுமையாகப் படியாமையால். இலையின் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக நீளவாக்கில் ஓடுவதும் கைவினைக்குப் பெரிய வாய்ப்பு: சத்தகம் எனப்படும் சிறு கத்தியால் ஈர்க்கை வார்ந்தெடுத்துவிட்டு நுனியில் ஒரு கீறல் இட்டால், ஓலை நார்களின் வழியே தானாகவே நேராகக் கிழிந்து சீரான அகலமுள்ள கீற்றுகளாகப் பிரிகிறது, அதே கீற்றைக் குறுக்காகக் கிழிக்க முயன்றால் நூற்றுக்கணக்கான நார்க்கட்டுகள் ஒருங்கே எதிர்க்கின்றன. நெசவாளருக்கு நூற்பும் பாவு ஓட்டுதலும் செய்து தரும் வேலையில் பாதியைப் பனை தன் உடலமைப்பாலேயே முடித்துத் தந்துவிடுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

உலர்த்திச் சேமித்த ஓலையை அப்படியே மடித்தால் முறியும். இழைக்கும் முன் அதை இரவுப் பனியில் போட்டு வைப்பதும், நீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைப்பதும் வழக்கம். செல்சுவரில் செலுலோசு என்னும் நீண்ட மூலக்கூறுகள் இறுகிய கட்டுகளாக அமைய, அவற்றைச் சுற்றி எமிசெலுலோசும் லிக்னினும் ஒழுங்கற்ற நிரப்பியாக நிற்கின்றன. உலர்ந்த நிலையில் இந்த நிரப்பியின் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக் கண்ணாடிபோல் விறைத்திருக்கும். நீர் உள்ளே நுழைந்ததும் அந்தப் பிணைப்புகளின் இடத்தைத் தானே எடுத்துக்கொள்வதால், மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கி நகர இடமுண்டாகிறது, ஓலை துவள்கிறது. மீண்டும் உலரும்போது பிணைப்புகள் புதிய நிலையில் உருவாகின்றன, ஆகவே மடித்த மடிப்பு மடிப்பாகவே நிலைத்துவிடுகிறது. ஏட்டுச்சுவடிக்கான ஓலைகளை நீரில் அவித்துப் பதப்படுத்திய பழைய முறையும் இதன் நீட்சியே, ஏனெனில் வெப்பமும் ஈரமும் சேரும்போது லிக்னினும் இளகுகிறது.

ஈரம் மிகுந்தாலும் கெடுதி. நீரை உறிஞ்சும் ஓலை நீளத்தில் ஏறக்குறைய மாறாமலும் அகலத்தில் உப்பியும் பெருகும். நார்கள் நீளவாக்கில் விறைத்து நிற்பதால் பருக்கும் திசை குறுக்காகவே அமைகிறது. தோய்ந்த ஓலையில் இழைத்த பாய், அன்று கண்ணுக்கு எவ்வளவு நெருக்கமாகத் தோன்றினாலும், உலர்ந்தபின் ஒவ்வொரு கீற்றும் ஒடுங்கி இடைவெளி காட்டும். ஆதலால் தோய விடாமல் ‘பதம்’ பார்ப்பதே கைத்திறனின் முதற்படியாகிறது: கீற்றை விரலில் சுற்றி நகத்தால் அழுத்தும்போது வெண்கோடு விழுந்தால் இன்னும் காய்ச்சல், நீர் கசிந்தால் மிகை, மடிப்பு ஓசையின்றிப் படிந்தால் சரி. ஆய்வுகூடத்தில் ஈரப்பதமானி செய்யும் வேலையை நகம் செய்கிறது. கோடையில் கச்சான் காற்று வீசும் நண்பகலில் இழைப்பதைத் தவிர்த்து விடியலையும் அந்தியையும் தெரிவு செய்வதற்கும் விளக்கம் இதுவே. காற்றின் சாரீரப்பதன் உயர்ந்திருக்கும் அப்பொழுதுகளில் ஓலை தன் ஈரத்தை இழக்கும் வேகம் குறைவு. வேலையை நடுவில் நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்துத் தொடங்குபவருக்கும் இழைத்த பகுதியால் தொல்லையில்லை, தொங்கும் நுனிகளில் மட்டும் நீர் தெளித்தால் போதும்.

பாயைவிடப் பெட்டியில்தான் கணிதம் சுவையாகிறது. தட்டையான ஓலைத்தளத்தில் எந்தப் புள்ளியைச் சுற்றிப் பார்த்தாலும் நான்கு சதுரங்கள் கூடும். நான்கு செங்கோணங்கள் சேர்ந்து 360 பாகை ஆவதால் தளம் சமமாகப் படுத்திருக்கும். பெட்டியின் அடி முடிந்து சுவர் எழும் மூலையில் இழைப்பவர் இரு பக்கத்துக் கீற்றுகளையும் ஒன்றோடொன்று கடக்கச் செய்து நான்காவது சதுரத்தை விட்டுவிடுகிறார். அந்தப் புள்ளியைச் சுற்றி மூன்று சதுரங்களே எஞ்சுகின்றன. 90 பாகை குறைந்த தளம் சமமாகக் கிடக்க இயலாமல் மேலெழுந்து மூலையாகிறது. இவ்வாறு நான்கு மூலைகளில் 90 பாகை வீதம் மொத்தம் 360 பாகை நீக்கப்பட்டதும் சுவர் முற்றிலும் செங்குத்தாகிவிடும். மூடிய எந்தப் பெட்டி வடிவத்திலும் இந்தக் குறைவுகளின் கூட்டுத்தொகை 720 பாகையே என்று 17ஆம் நூற்றாண்டில் தெக்கார்த்து கண்டறிந்தார். வாய் திறந்த பெட்டியில் அதன் பாதி காணப்படுவது, மீதி நான்கு மூலைகள் இல்லாத மூடிக்கு உரியவை என்பதால்தான். மூலைகளை அடியில் பரப்பி வைக்காமல் ஓரிடத்தில் நெருக்கினால் தளம் கூம்பாகக் குவியும். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியின் குவிந்த அடி அத்தகையது. கொதிக்கும் பானையின் வாயில் அது அமர்ந்திருக்கையில், கடப்புகளின் நுண்துளைகள் வழியே நீராவி மாவுக்குள் ஏற, குளிர்ந்து நீராகும் பங்கை ஓலையே உறிஞ்சிக்கொள்கிறது. உலோகப் பிட்டுக் குழலின் சுவரில் வடியும் நீர் மாவைக் களியாக்குவதுபோன்ற தொல்லை இங்கே குறைவு.

குறைத்தால் குவியும் என்றால் கூட்டினால் என்னாகும் என்ற கேள்விக்கு விடை, வியப்புக்குரிய வகையில், நூற்பின்னலிலிருந்தே வந்தது. ஒரு புள்ளியைச் சுற்றி இயல்பைவிட மிகுதியான பரப்பு திணிக்கப்பட்டால் தளம் பூவிதழின் ஓரம்போல் நெளியும்; அதிபரவளைவுத் தளம் என்று கணிதத்தில் வழங்கும் அந்த வடிவத்தைத் தாளில் நீடித்து நிற்கும்படி செய்து காட்டுவது கடினமாக இருந்தது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, லத்வியாவைச் சேர்ந்த கணித ஆசிரியர் தைனா தைமினா 1997இல் கொக்கி ஊசியால் நூலைக் குரோசே முறையில் பின்னி, ஒவ்வொரு வரிசையிலும் வளையங்களை ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போய், கையில் எடுத்து மடித்துப் பார்க்கக்கூடிய மாதிரியை உருவாக்கினார். பூநகரியில் பெட்டி மூலை திருப்புபவரும் இவரும் ஒரே கணிதத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் வேலை செய்பவர்கள். ஒருவருக்கு அதற்குரிய பெயர் பாடநூலில் உண்டு, மற்றவருக்கு அது தாயின் கையைப் பார்த்து வந்த பழக்கம் என்பதைத் தவிர வேறுபாடு அதிகமில்லை.

சுவர் வேண்டிய உயரம் வந்ததும் கீற்றுகளின் நுனிகள் உள்ளே மடித்துச் செருகப்பட்டு, விளிம்பு பனைமட்டையிலிருந்து உரித்த நாரினால் பொத்தப்படுகிறது. ஓலைவேலையில் இழுவையைப் பெருமளவு தாங்குவது இந்த விளிம்பே. மட்டையின் மேற்றோலை அண்டி வலிய நார்க்கட்டுகள் செறிந்திருப்பது, காற்றில் அசையும் பெரிய ஓலையைத் தாங்கி வளையும் மட்டையில் வெளிப்புறமே மிகுந்த தகைப்புக்கு உள்ளாவதால் மரம் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாட்டையே கடகத்தின் வாய்க்கு மாற்றிவிடுகிறார்கள். பொத்துதல் குத்தூசியும் விரல்வலுவும் வேண்டும் வேலையாதலால், இழைத்து முடித்த பெட்டிகள் பொத்தப்படாமலே சில காலம் அடுக்கிக் கிடப்பதும் உண்டு. சாய ஓலைகளைப் பற்றி ஒன்று மட்டும்: சாயநீரில் ஓலையை அவிக்கும்போது பிடிக்கும் ஒளிமிகு சிவப்பும் ஊதாவும் கண்ணைப் பறித்தாலும், அத்தகைய நிறங்களில் பல வெயிலில் விரைவில் மங்கக்கூடியவை. நிறமற்ற ஓலை காலத்தோடு பொன்னிறமாவது அழகுக்குக் குறைவில்லை.

பாதியில் விடக்கூடிய வேலை ஏன் பெரும்பாலும் பெண்களிடம் சேர்ந்தது என்பதற்கு மானிடவியலாளர் ஜூடித் பிரவுன் 1970இல் ஒரு விளக்கம் தந்தார்: பல சமூகங்களில் பெண்களின் பொறுப்பாக அமைந்த தொழில்கள், குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடியனவாக, அதாவது வீட்டுக்கு அண்மையில், ஆபத்தின்றி, முழுக் கவனத்தைக் கோராமல், நிறுத்தித் தொடங்க எளியனவாக இருக்கின்றன. பழங்காலத் துணிகளை ஆராய்ந்த எலிசபெத் வேலண்ட் பார்பர் 1994இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை 20,000 ஆண்டு நூல்வேலை வரலாற்றுக்கு அடிப்படையாகக் கொண்டார். ஓலை இழைத்தல் அந்த நிபந்தனைகள் அனைத்துக்கும் பொருந்துகிறது. எனினும் இதைப் பெண்களின் இயல்பு என்று படிப்பது தவறாகும். குழந்தையையும் அடுப்பையும் யாரிடம் ஒப்படைத்தது சமூகம் என்பதன் விளைவே இது.

நிறுத்திய வேலை மனத்தை விட்டு அகலாமல் நிற்பதும் ஆய்வுக்குரிய பொருளாகியிருக்கிறது. பெர்லினில் உளவியலாளர் கூர்ட் லெவினிடம் பயின்ற புளூமா சைகார்னிக், இடையில் நிறுத்தப்பட்ட பணிகளே மிகுதியாக நினைவில் நிற்பதாக 1927இல் எழுதினார். அவருடன் பயின்ற மரியா ஓவ்சியாங்கினா, தடைப்பட்ட பணியை யாரும் கேட்காமலே மீண்டும் எடுத்து முடிக்கும் உந்துதல் மனிதரிடம் வலுவாக உண்டென்று 1928இல் காட்டினார். பின்வந்த சோதனைகளில் நினைவு பற்றிய முதல் முடிவு பலமுறை தடுமாறியது. திரும்ப எடுக்கும் உந்துதல் பற்றிய இரண்டாம் முடிவு உறுதியாக நிற்கிறது. மூலையில் சாத்திய பாய் கண்ணில் படும்போதெல்லாம் கை அதை நோக்கிப் போவதற்கு அந்த உந்துதல் போதிய விளக்கம்.

கைவேலையின் இன்பத்தைப் பற்றிய சான்றுகளைச் சற்று நிதானமாகவே ஏற்க வேண்டும். 2013இல் பிரித்தானியத் தொழில்வழிச் சிகிச்சை ஆய்விதழில் வெளியான, 3,545 ஊசிப் பின்னலாளர்களிடம் நடத்திய வினாவாய்வில், அடிக்கடி பின்னுவோர் மன அமைதியும் மகிழ்வும் கூடுதலாக உணர்வதாகக் கூறினர். ஆனால் தாமாக முன்வந்து விடையளித்தவர்களின் கூற்று என்பதால், பின்னல்தான் அமைதியைத் தந்ததா, அமைதியுடையோர் பின்னலை நாடினரா என்பதை அது தீர்க்கவில்லை. அசைவுகள் பழகிவிட்டபின் கையை நடத்தும் பொறுப்பு மூளையின் விழிப்புணர்வுப் பகுதியிலிருந்து பழக்க அசைவுகளைக் காக்கும் அடிப்படை முடிச்சுகளுக்கும் சிறுமூளைக்கும் பெருமளவு மாறிவிடுகிறது என்பது நன்கு அறியப்பட்டது. அதனால்தான் இழைப்பவர் பேசவும் பாடவும் பிள்ளையின் பாடத்தைக் கேட்கவும் முடிகிறது. விற்பனைக்காக எண்ணிக்கை குறித்து இழைக்கும்போது அதே அசைவு உடல்வலியாகவும் மாறலாம். குந்தியிருந்து குனிந்து செய்யும் வேலை முதுகையும் விரல் மூட்டுகளையும் வருத்தும். பொழுதுபோக்கின் இன்பத்தைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் வாதத்துக்கு அறிவியல் துணை நிற்காது.

வன்னியில் இந்தக் கைவேலையின் அண்மைக்கால வரலாறு போரிலிருந்து பிரிக்க முடியாதது. 2008ஆம் ஆண்டிலும் 2009 மே மாதம் போர் முடியும் வரையிலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வவுனியா மாவட்டம் செட்டிகுளத்தில் அமைந்த மெனிக்பாம் முகாம்களில் அடைபட்டிருந்து, 2012 செப்டெம்பரில் அவை மூடப்படும்வரை படிப்படியாக மீளக்குடியேறினர். திரும்பிய ஊர்களில் தலையிழந்த பனைகள் நின்றன. கிளைத்து வளரும் வேம்பு கொம்பு முறிந்தாலும் துளிர்க்கும், ஆனால் பனைக்கு உச்சியில் ஒரேயொரு வளர்நுனி மட்டுமே; எறிகணைச் சிதறல் அதைக் கொய்துவிட்டால் மரம் ஆண்டுக்கணக்கில் நின்றபடியே செத்துக்கிடக்கும். அதே உடலமைப்பு ஓலை வெட்டுவோருக்கும் எச்சரிக்கையாகிறது. ஒரு பனை ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் ஓலை என்ற அளவிலேயே ஈனுவதால், குருத்தை அடுத்தடுத்து வெட்டினால் ஒளிச்சேர்க்கைக்கான இலைப்பரப்புக் குன்றி வளர்ச்சியும் காய்ப்பும் பின்வாங்கும். எட்டும் உயரத்திலுள்ள வடலிகளிலிருந்து, அதாவது இளம் பனைகளிலிருந்து, மாறிமாறி எடுப்பதே தாங்கும் முறை. ஆகவே வடலி நடாத இடத்தில் இழைப்புப் பயிற்சி மட்டும் நடத்துவது பாதி வேலைதான், அதுவும் தொடர முடியாத பாதி.

1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், யாழ்ப்பாணம் கைதடியிலுள்ள அதன் ஆராய்ச்சி நிறுவகமும் பனம்பொருள் ஆய்வையும் கைப்பணிப் பயிற்சியையும் நடத்திவருகின்றன. சந்தையின் நிலையையும் சட்டம் ஓரளவு மாற்றியிருக்கிறது: இலங்கையில் 2023இல் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்களின் பட்டியலில் உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு ஆகியவற்றுடன் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் இடம்பெற்றது. பனை ஈர்க்கில் பின்னிய இடியப்பத் தட்டைப் பல பத்தாண்டுகளாக அடுக்களையிலிருந்து துரத்திய பொருள் அதுவே.

ஓலைப் பொருள் வாங்குவோர் நினைவிற்கொள்ள வேண்டியவை சில. புதிய கடகத்தையோ நீத்துப்பெட்டியையோ பொலித்தீன் உறையில் கட்டி வைத்தால் ஓலையில் எஞ்சிய ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சணம் பிடிக்கும். மாரிக்காலத்தில் காற்றின் ஈரப்பதன் நெடுநாள் உயர்ந்து நிற்கும்போது உறையின்றியும் பிடிக்கும். பயன்படுத்திய பெட்டியைக் கழுவியதும் சிறிது நேரம் வெயில் காட்டிப் பிறகு நிழலில் காற்றாட மாட்டி வைக்க வேண்டும், கடும் வெயிலில் நாள் முழுதும் விட்டால் மடிப்புகள் வெடிக்கும். விளிம்பு நார் அறுந்தால் பெட்டியை எறிய வேண்டியதில்லை. இழைத்தவரிடம் கொடுத்தால் மறுபடி பொத்தித் தருவார், அதற்குக் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.